பிளஸ் ஒன் வந்ததும் பள்ளிப் பத்திரிகை தொடங்குவது எப்படி? வேலூர் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் உயர்நிலைப் பள்ளியில் படித்துவிட்டு, பிளஸ் ஒன்னுக்காக வேலூருக்கோ காட்பாடிக்கோ குடியாத்தத்துக்கோ வருகிற பிள்ளைக்கு முதல் மாதம் முழுக்கக் கேள்விகள்தான். பஸ் பாஸ் விண்ணப்பத்தை யாரிடம் கொடுப்பது? பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டு எந்த சைஸில் வாங்குவது? கெமிஸ்ட்ரி லேப் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது? இன்னொன்றை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. சத்துணவு பத்தாம் வகுப்பு வரைதான். போன வருஷம் வரை பள்ளியிலேயே சாப்பிட்ட பிள்ளை, பிளஸ் ஒன் முதல் நாள் மதியம் டிபன் பாக்ஸ் இல்லாமல் நிற்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் பள்ளிக்குள்ளேயே யாரிடமோ பதில் இருக்கிறது. ஆனால் அது கேட்கத் துணிந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கிறது. கூச்சப்படும் பிள்ளைக்கு அரைகுறை வதந்தியாகத்தான் போய்ச் சேர்கிறது. இந்த இடைவெளியை அடைக்கத்தான் மாணவர் பத்திரிகை வேண்டும் என்று சொல்கிறேன். ஆண்டு விழா மலர் போலத் தலைமையாசிரியர் படமும் வாழ்த்துச் செய்தியும் போட்டு அலமாரியில் வைப்பதற்காக அல்ல. கடைசி பெஞ்சில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளை படித்துவிட்டு, "சரி, நாளைக்கு இதைச் செய்யணும்" என்று தெரிந்துகொள்வதற்காக.

அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பது வரை படிப்பவர்களுக்குத் 'தேன்சிட்டு' இதழ் வருகிறது. அதில் எழுதிப் பழகியவர்கள் உங்களில் யாராவது இருக்கலாம். பிளஸ் ஒன்னுக்கு வந்துவிட்டால் உங்கள் இதழை நீங்கள்தான் உருவாக்க வேண்டும். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் அனுமதி

எழுதத் தொடங்கும் முன் தலைமையாசிரியரிடம் போங்கள். வாய்மொழியாகக் கேட்காமல் ஒரு பக்கக் கடிதமாகக் கொடுங்கள். பத்திரிகையின் பெயர், எத்தனை பக்கம், மாதத்துக்கு ஒன்றா இரண்டா, யார் யார் குழுவில், வெளியிடும் முன் எந்த ஆசிரியர் படித்துப் பார்ப்பார் ஆகியவை அதில் இருக்க வேண்டும். கடைசி விஷயம் மிக முக்கியம். மாணவர் பத்திரிகை என்றதும் எந்த எச்.எம். மனதிலும் வரும் முதல் பயம், யாராவது எதையாவது எழுதி வம்பாகிவிடுமோ என்பதுதான். ஒரு பொறுப்பாசிரியர் ஒவ்வொரு வரியையும் படிப்பார் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தப் பயம் பாதி குறையும்.

பொறுப்பாசிரியராகத் தமிழ் ஐயாவைத்தான் கேட்க வேண்டும் என்றில்லை. இலக்கிய மன்றத்தைப் பார்த்துக்கொள்பவர், நூலகத்தைக் கவனிப்பவர், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் என யாராக இருந்தாலும் சரி. நேரம் ஒதுக்கி வாசிப்பவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காகிதம், ஜெராக்ஸ் செலவுக்கு மாணவர்களிடம் நீங்களாகப் பணம் வசூலிக்காதீர்கள். பத்து ரூபாய் என்றாலும் கூடாது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தையோ பள்ளி மேலாண்மைக் குழுவையோ எச்.எம். வழியாகக் கேளுங்கள். மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. முதல் இதழைக் காட்டிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

குழுவில் யார் யார்?

ஐந்தாறு பேர் போதும். நன்றாக மார்க் வாங்குபவர்களை மட்டும் சேர்த்தால் பத்திரிகை செத்துவிடும். பயோ-மேத்ஸ் மாணவிக்குத் தொழிற்கல்வி குரூப்பில் என்ன நடக்கிறது என்று தெரியாது. காமர்ஸ் பிள்ளைக்கு லேபில் என்ன குறை என்று தெரியாது. குரூப்புக்கு ஒருவராவது வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. அது பஸ் ரூட். ஒடுகத்தூர், அணைக்கட்டு வழியாக வருபவர் ஒருவர், லத்தேரி, கே.வி.குப்பம் பக்கத்திலிருந்து ஒருவர், பள்ளிகொண்டா பக்கம் ஒருவர், கணியம்பாடி, அடுக்கம்பாறை பக்கம் ஒருவர், நகரத்துக்குள் சத்துவாச்சாரியோ தொரப்பாடியோ கொணவட்டமோ அங்கிருந்து ஒருவர் என்று பாருங்கள். ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒரு செய்தியாளர் வந்து இறங்குகிறார் என்று அர்த்தம். வீட்டில் உருதும் தெலுங்கும் பேசும் பிள்ளைகள் நம் மாவட்டத்தில் நிறைய. "எனக்குத் தமிழ் சரியா எழுத வராது" என்று அவர்கள் ஒதுங்குவார்கள். விடாதீர்கள். அவர்கள் சொல்ல, இன்னொருவர் எழுதலாம். அவர்கள் தெருவில் நடப்பது வேறு யாருக்கும் தெரியாது.

கையெழுத்து நன்றாக இருப்பவர் ஒருவர், படம் வரைபவர் ஒருவர், பிழை பார்ப்பவர் ஒருவர் வேண்டும். பிழை பார்ப்பவர் எழுதியவராக இருக்கக் கூடாது.

சுவரிலிருந்து தொடங்குங்கள்

முதல் மூன்று மாதம் சுவர்ப் பத்திரிகை போதும். ஒரு சார்ட் தாளை மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். தலைப்பு நாலடி தூரத்திலிருந்து தெரிய வேண்டும், செய்தி கை நீட்டும் தூரத்தில் படிக்கும்படி இருக்க வேண்டும். எழுத்துக்குக் கறுப்பு மட்டும். வண்ண ஸ்கெட்ச் பேனாவில் எழுதினால் வேலூர் வெயிலில் சீக்கிரமே வெளுத்துவிடும். எங்கே ஒட்டுவது என்பதையும் யோசியுங்கள். எச்.எம். அறை வாசலில் ஒட்டினால் யாரும் நின்று படிக்கமாட்டார்கள். குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்துச் சுவர், சைக்கிள் ஸ்டாண்டு போகும் வழி, இப்படிப் பிள்ளைகள் எப்படியும் நிற்கிற இடமாகத் தேர்ந்தெடுங்கள்.

பிறகு அச்சுக்குப் போகலாம். ஒரு ஏ3 தாளை நடுவில் மடித்தால் நான்கு ஏ4 பக்கம் கிடைக்கும். ஒரு பள்ளி மாத இதழுக்கு அது தாராளம். பக்கம் அமைக்கும்போது வெளிப்புறத்தில் இடப்பக்கம் நான்காம் பக்கமும் வலப்பக்கம் முதல் பக்கமும் வரும், உள்ளே இரண்டும் மூன்றும் வரும். இதை மாற்றிப் போட்டுவிட்டால் மடித்த பிறகு வரிசை குழம்பிவிடும்.

டைப் செய்வதற்கு லேப் கம்ப்யூட்டரோ வீட்டு மொபைலோ போதும். யூனிகோடு எழுத்துருவில் அடியுங்கள். பழைய டி.டி.பி. கடைகள் சிலவற்றில் இன்னும் பாமினி மாதிரி எழுத்துருக்களும் பேஜ்மேக்கரும்தான் ஓடுகின்றன. உங்கள் யூனிகோடு கோப்பை அங்கே திறந்தால் எழுத்துகள் கட்டம் கட்டமாக வரும். அதனால் எப்போதும் பி.டி.எப். ஆக மாற்றியே எடுத்துப் போங்கள். முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்துக் கொம்பு, கால், சுழி எல்லாம் ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு மீதியைப் போடச் சொல்லுங்கள்.

செய்தி எங்கே கிடைக்கும்?

இந்த இடத்தில்தான் புதியவர்கள் திணறுகிறார்கள். "எங்க ஸ்கூல்ல என்ன சார் நடக்குது, எழுத ஒண்ணுமே இல்லையே" என்பார்கள்.

அலுவலக நோட்டீஸ் போர்டைத் தினமும் போய்ப் பாருங்கள். எல்லோரும் அதைக் கடந்து போகிறார்கள், நிற்பவர்கள் குறைவு. அரசு, உதவிபெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி எப்போது வருகிறது, உதவித்தொகைக்கு எந்தத் தேதிக்குள் வங்கிக் கணக்கு விவரம் கொடுக்க வேண்டும் போன்றவை அங்கிருந்துதான் தொடங்கும். ஆபீஸ் கிளார்க்கிடம் போய், "சார், பிளஸ் ஒன் பிள்ளைங்க அடிக்கடி உங்ககிட்ட வந்து கேக்கிறது எது?" என்று கேளுங்கள். ஒரு பக்கத்துக்குச் செய்தி கிடைத்துவிடும். இருபது பேர் தனித்தனியாக வந்து கேட்பது குறையும் என்று அவரும் சந்தோஷமாகச் சொல்வார்.

பி.டி. சாரிடம் குறுவட்டப் போட்டிகள், பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகளின் தேதியைக் கேட்டு வாங்குங்கள். யார் ஜெயித்தார்கள் என்பதை எல்லோரும் எழுதுவார்கள். டீமில் சேர எப்போது, எங்கே வர வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதுவது உங்கள் வேலை. கலைத் திருவிழாவுக்கும் இதே விதிதான். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம் எந்தக் கிராமத்தில் என்று தெரிந்ததும், அந்தக் கிராமத்துப் பிள்ளை பள்ளியில் இருக்கிறதா என்று தேடி ஒரு பேட்டி எடுங்கள்.

லேப் அசிஸ்டென்ட், துப்புரவுப் பணி செய்யும் அக்கா, வாட்ச்மேன் அண்ணா ஆகியோருக்குத் தெரிந்த அளவுக்குப் பள்ளியைப் பற்றி வேறு யாருக்கும் தெரியாது. எப்படிக் கேட்பது என்பதற்கு ஒரு மாதிரி உரையாடல்:

"அண்ணா, சாயங்காலம் எத்தனை மணிக்குக் கேட்டைப் பூட்டுவீங்க?"

"ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு கடைசிப் பிள்ளை போனப்புறம்தாம்மா."

"கடைசியா போறது யாருண்ணா?"

"ஒடுகத்தூர் பக்கத்துப் பொண்ணுங்க. பஸ் வர்ற வரைக்கும் இங்கதான் கேட்டுகிட்ட உட்கார்ந்திருக்கும்."

இரண்டாவது கேள்வியைக் கேட்டதால்தான் செய்தி கிடைத்தது. ஸ்பெஷல் கிளாஸ் முடியும் நேரத்துக்கும் பஸ் வரும் நேரத்துக்கும் பொருத்தம் இல்லை. அடுத்து அந்தப் பெண்களிடம் பேச வேண்டும், பஸ் நேரத்தை டிப்போவிலோ கண்டக்டரிடமோ உறுதிசெய்ய வேண்டும், பிறகு எச்.எம்.மிடம், "பதினைந்து நிமிஷம் முன்னால் விட முடியுமா சார்?" என்று கேட்க வேண்டும். இந்த மூன்றையும் செய்தால் அது ஒரு முழுச் செய்தி. வாட்ச்மேன் சொன்னதோடு நிறுத்திவிட்டால் அது வெறும் புலம்பலாக நின்றுவிடும்.

கேட்கும்போது கையில் நோட்டு இருக்கட்டும். தேதி, நேரம், யார் சொன்னது, அவர் பெயரை எப்படி எழுதுவது என்பதை அவர் முன்னாலேயே எழுதிக் காட்டுங்கள். பெயரில் ஒரு எழுத்து தப்பினாலும் அந்த மனிதருக்கு வலிக்கும்.

புதியவர்களுக்கு விளக்கம் எழுதுங்கள்

ஒவ்வொரு இதழிலும் ஒரு மூலையை இதற்கு ஒதுக்கச் சொல்கிறேன். நடப்புச் செய்தியாக இல்லாவிட்டாலும் புதியவர்கள் முதலில் படிப்பது இதைத்தான்.

உதாரணமாக மதிப்பெண். மேல்நிலையில் ஆறு பாடம், மொத்தம் 600. முன்பு 1200 ஆக இருந்தது, 2017-18இல் மாறியது. செய்முறை இல்லாத பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. இது தெரியாததால்தான் பலர் ரெக்கார்டு நோட்டைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிப்போடுகிறார்கள். பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு 2017-18இல் வந்தது, 2025-26 கல்வியாண்டிலிருந்து அது இல்லை என்று அரசு அறிவித்தது. "அப்போ பிளஸ் ஒன் பாடம் படிக்க வேணாமா?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, நீட், ஜே.இ.இ. போன்ற தேர்வுகளில் பதினொன்றாம் வகுப்புப் பாடமும் வரும் என்பதை அதே பெட்டியில் எழுதுங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்கள் கல்லூரிக்குப் போனால் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் உண்டு. இந்த விவரம் எல்லா வீட்டுக்கும் தெரியும் என்று நினைக்காதீர்கள். பேரணாம்பட்டில் தோல் தொழிற்சாலைக்குப் போகும் அப்பாவும், குடியாத்தத்தில் பீடி சுற்றும் அம்மாவும் உங்கள் பத்திரிகையை வீட்டில் படிக்கக்கூடும். "பன்னிரண்டோட நிறுத்திடலாம்" என்று ஒரு வீட்டில் பேச்சு நடக்கும்போது இந்தப் பெட்டிச் செய்தி கண்ணில் பட்டால் போதும். நான் இந்த வேலையில் இத்தனை அக்கறை காட்டுவதற்கு இதுதான் காரணம்.

பஸ் பாஸ் பற்றி ஜூன் மாதமே எழுதுங்கள். புதிய பாஸ் கைக்கு வரும்வரை சீருடையோடும் பழைய பாஸோடும் அரசுப் பஸ்ஸில் போகலாம் என்று போக்குவரத்துத் துறை ஆண்டுதோறும் அறிவிப்பது வழக்கம். அந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்து, தேதியோடு போடுங்கள்.

வாக்கியம் எப்படி இருக்க வேண்டும்?

"நமது பள்ளியில் நூலக வாரம் வெகு விமரிசையாகக் கொண்டாடப்பட்டது" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "பிளஸ் ஒன் மாணவர்கள் இனி செவ்வாய், வியாழன் மதிய இடைவேளையில் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் வீட்டுக்கு எடுத்துப்போகலாம்" என்று எழுதுங்கள். யார், என்ன, எப்போது, எங்கே என்பவை முதல் இரண்டு வாக்கியத்துக்குள் வந்துவிட வேண்டும். சிறப்பு விருந்தினர் பட்டியல் கடைசியில் வரட்டும்.

"சிறப்பாக", "இனிதே", "மாபெரும்" ஆகிய சொற்களைப் பிழை பார்ப்பவர் அடித்துவிட வேண்டும். எழுதியதை உரக்கப் படித்துப் பாருங்கள். மூச்சு வாங்கினால் வாக்கியத்தை உடையுங்கள்.

விசேஷ நாட்கள் வரும்போது பாடப் புத்தகத்தைப் பார்த்து எழுதும் ஆசை வரும். ஜூலை 10 ஒரு நல்ல சோதனை. 1806இல் அந்த நாளின் விடியலுக்கு முன் வேலூர்க் கோட்டைக்குள் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். புதிய தலைப்பாகை, நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது என்ற கட்டளைகள் உடனடிக் காரணம். திப்புவின் குடும்பம் அப்போது கோட்டைக்குள்தான் இருந்தது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப் படையோடு வந்து அன்றே அடக்கினார். இதை எல்லோரும் பத்தாம் வகுப்பிலேயே படித்துவிட்டார்கள். நீங்கள் செய்ய வேண்டியது வேறு. இரண்டு பேர் மக்கான் அருகே உள்ள நினைவுத் தூணுக்குப் போங்கள். கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஒடுகத்தூரிலிருந்து வரும் பிள்ளை இதுவரை கோட்டைக்குள் நுழைந்ததே இல்லை என்றால் அவரையே அனுப்புங்கள். அகழி எவ்வளவு அகலமாகத் தெரிந்தது, காவலாளி என்ன சொன்னார், அங்கே யாரெல்லாம் நடைப்பயிற்சிக்கு வருகிறார்கள் என்று அவர் எழுதட்டும். வரலாறு நான்கு வரி போதும், பார்த்தது மீதிப் பக்கம்.

வதந்தியும் மழை விடுமுறையும்

அக்டோபர் பிறந்தால் பிள்ளைகளின் பெரிய கேள்வி, "நாளைக்கு லீவா சார்?" வாட்ஸ்அப்பில் போன வருஷத்து அறிவிப்புப் படம் தேதி வெட்டப்பட்டுச் சுற்றும். வேலூர் மாவட்டத்துக்கு விடுமுறையை அறிவிப்பவர் வேலூர் மாவட்ட ஆட்சியர். 2019இல் பழைய மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்ததால் ராணிப்பேட்டை ஆட்சியரின் அறிவிப்பு காட்பாடிப் பிள்ளைக்குச் செல்லாது. திருவலத்துக்கு அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் பள்ளி என்றால் குழப்பம் இன்னும் கூடும். பள்ளி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும். மழை தொடங்கும் முன்பே இதை ஒரு பெட்டியாகப் போட்டுவிடுங்கள்: தேதி பார், மாவட்டம் பார், ஆட்சியரின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் பார்.

2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது, வருஷம் முழுக்க மணலாகவே ஆற்றைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக் கரைக்கு ஓடினார்கள். தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறினால் அந்த வழியாக வராதீர்கள் என்று எழுதுவது பள்ளிப் பத்திரிகையின் கடமை. எந்தெந்தத் தரைப்பாலம் என்று பஸ் ரூட் செய்தியாளர்கள் சொல்லிவிடுவார்கள்.

குறையை எழுதும் முறை

கழிவறையில் தண்ணீர் வரவில்லை. பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். இதை எழுதலாமா? கட்டாயம் எழுத வேண்டும். இதை எழுதத் தைரியம் இல்லாத பத்திரிகைக்குக் காகிதம் வீண். ஆனால் எழுதும் முறை ஒன்று இருக்கிறது.

நேரில் போய்ப் பாருங்கள். பெண்கள் கழிவறை என்றால் மாணவி போக வேண்டும். எத்தனை குழாய், எத்தனையில் தண்ணீர் வருகிறது, எந்த நேரத்தில் என்று மூன்று நாள் குறியுங்கள். சுத்தம் செய்யும் அக்காவிடம் கேளுங்கள். மோட்டாரா, டேங்கா, உடைந்த குழாயா என்று அவருக்குத் தெரியும். பிறகு எச்.எம்.மைப் பார்த்து, குறித்ததைக் காட்டி, "எப்போது சரியாகும் மேடம்? உங்கள் பதிலோடு போட விரும்புகிறோம்" என்று கேளுங்கள். பத்தில் ஒன்பது முறை பத்திரிகை வரும் முன்பே பிளம்பர் வந்துவிடுவார். வந்துவிட்டால் அதையும் எழுதுங்கள். நன்றியும் செய்திதான்.

பள்ளி நிதியில் முடியாத வேலை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த இதழில் அதே இடத்தில் என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். தொடர்ந்து கேட்பவர்களுக்குத்தான் பதில் வரும்.

எழுதக் கூடாதவை

யார் யாரோடு பேசுகிறார்கள், யார் ஃபெயில், யார் வீட்டில் சண்டை என்பவற்றைப் போடவே கூடாது. ஜாதிப் பெயரைக் குறிக்கும் சிறு கிண்டலும் கூடாது. தேர்வில் தோற்றவர் பட்டியல் கூடாது, முதலிடம் பெற்றவர் படத்தை மட்டும் போட்டுக்கொண்டே இருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. படம் போட்டால் அந்தப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

சட்டம் தெளிவாகச் சொல்வது ஒன்று உண்டு. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி, தெரு என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடப் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு தடை செய்கிறது. "பெயர் போடலையே, கிளாஸ் மட்டும்தானே போட்டோம்" என்பது செல்லாது. இப்படி ஒரு விஷயத்தைத் தோழி உங்களிடம் சொன்னால் அந்த நேரத்தில் நீங்கள் செய்தியாளர் இல்லை. நம்பிக்கையான ஆசிரியரிடம் உடனே சொல்லுங்கள், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள். கல்வி உதவி எண் 14417. இந்த இரண்டு எண்களும் ஒவ்வொரு இதழின் கடைசிப் பக்கத்திலும், சுவர்ப் பத்திரிகையின் அடியிலும் எப்போதும் இருக்கட்டும். அரசுப் பள்ளிகளில் மாணவர்கள் புகாரும் கருத்தும் எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

கேட்டுக்கு வெளியே

பள்ளியைச் சுற்றி இருப்பதும் உங்கள் செய்தி. 'எங்க ஊர்' என்று ஒரு பத்தி வையுங்கள். மாதம் ஒரு பிள்ளை தன் ஊரைப் பற்றி எழுதட்டும். பெருமைப் பட்டியலாக இருக்கக் கூடாது. காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு, ஊரில் என்ன விளைகிறது, திருவிழா எப்போது, பெரியவர்கள் என்ன வேலைக்குப் போகிறார்கள் என்று எழுதினால் போதும். இலவம்பாடிப் பிள்ளை அந்த ஊர் முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றி எழுதும்போது வீட்டுத் தோட்டத்தில் முள் குத்தக் குத்தப் பறிப்பதையும் எழுதும். குடியாத்தத்துப் பிள்ளை வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தை எழுதும். அது கோடை விடுமுறையில் வருவதால் ஜூன் இதழுக்குச் சரியாக இருக்கும். மாசியில் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை, ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரம் என்று ஒவ்வொரு வகுப்பிலும் எழுத ஆள் உண்டு. ரம்ஜான் நோன்பு நேரத்தில் பி.டி. பீரியடில் ஓடச் சொல்லாதீர்கள் என்று ஒரு மாணவர் எழுதினால் அதைப் போடத் தயங்காதீர்கள்.

விநியோகம், திருத்தம்

எல்லோருக்கும் ஒரு பிரதி தர முடியாது, தேவையும் இல்லை. வகுப்புக்கு இரண்டு, நூலகத்தில் ஒன்று, ஆசிரியர் அறையில் ஒன்று, வாட்ச்மேன் அண்ணாவிடம் ஒன்று. பி.டி.எப். கோப்பை வகுப்பாசிரியர் வழியாகப் பெற்றோர் குழுவுக்கு அனுப்பலாம். காலை வணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் நேரத்தில் ஒரு நாள் உங்கள் இதழிலிருந்து இரண்டு செய்தியை வாசிக்க அனுமதி கேளுங்கள். படிக்காதவர்கள் காதிலும் விழும்.

தப்பு வந்துவிட்டால் அடுத்த இதழில், தப்பு வந்த அதே பக்கத்தில் திருத்தம் போடுங்கள். மூலையில் பொடி எழுத்தில் ஒளிக்காதீர்கள்.

தேர்வு வரும்போது

செப்டம்பர் காலாண்டு, டிசம்பர் அரையாண்டு ஆகிய இரண்டு மாதமும் சுவர்ப் பத்திரிகையில் தேர்வு அட்டவணை மட்டும் போதும். இதை முன்பே ஒத்துக்கொண்டால் வீட்டில், "பத்திரிகை பத்திரிகைன்னு படிப்பைக் கெடுத்துக்கிறே" என்ற பேச்சு வராது. யாராவது ஒருவர் மார்க் குறைந்தால் குழுவிலிருந்து துரத்தாதீர்கள், அந்த மாதம் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

பிளஸ் டூ போனதும் ஜனவரியிலிருந்து திருப்புதல் தேர்வுகள், பிப்ரவரியில் செய்முறை, மார்ச்சில் பொதுத்தேர்வு. அதனால் பிளஸ் டூ அரையாண்டு முடிவதற்குள் பொறுப்பை அடுத்த பிளஸ் ஒன் குழுவிடம் கொடுத்துவிட வேண்டும். அப்போதே ஆள் பார்த்து, இரண்டு இதழ்களை அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள். கொடுக்க வேண்டியவை இவ்வளவுதான்: எல்லா இதழ்களின் பிரதி, மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல், எந்த ஜெராக்ஸ் கடையில் ஏ3 வரும் என்ற விவரம், செய்தி எடுத்த நோட்டுகள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னும் பதில் வராத கேள்விகளை எழுதிக் கொடுங்கள். எதை, யாரிடம், எந்தத் தேதியில் கேட்டோம் என்று இருக்க வேண்டும். புதிய குழுவின் முதல் வேலை, அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு எச்.எம். அறைக்குப் போவது.